ஈட்டுக்குடியின் அடகு: அட்டை விளையாட்டில் ஒரு புதிய பிரிவை வடிவமைத்தல்

கற்பனை உலகை அடிப்படையாகக் கொண்ட அட்டை விளையாட்டில் புதிய பிரிவு ஒன்றைச் சேர்க்கத் தொடங்கினால், அந்தப் பிரிவின் கொடி, ஓவியம், பூர்வ கதை ஆகியவைதான் முதலில் மனத்துக்கு வருகின்றன. அவை தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சில ஆட்டங்களுக்குள் கதை பழகிவிடும், ஓவியம் கண்ணுக்குப் பழகிவிடும். அதற்குப் பிறகும் ஆடுபவரிடம் மிஞ்சியிருப்பது, அந்தப் பிரிவு ஒவ்வொரு முறையும் அவர்முன் வைக்கும் கேள்வி மட்டுமே. வேறு எந்தப் பிரிவை ஆடுபவரும் எதிர்கொள்ளாத ஒரு கேள்வியை இந்தப் பிரிவு எழுப்ப வேண்டும். அதற்கான விடையில் எதிராளிக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். நான் உருவாக்கிவரும் விளையாட்டுக்கு ஐந்தாவது பிரிவை வடிவமைக்கும்போது இந்த இரண்டு நிபந்தனைகளையும் அளவுகோலாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

இந்தத் துறையில் பாடம் கற்க வேண்டுமானால் ‘மேஜிக்: தி கேதரிங்’ விளையாட்டைவிட நல்ல இடம் கிடையாது. 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து வெளியான அந்த விளையாட்டு, வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என ஐந்து நிறங்களாக உலகைப் பிரித்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தரப்பட்ட வலிமைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தரப்படாதவற்றில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம். களத்தில் நிலைத்து நிற்கும் என்சான்ட்மென்ட் என்னும் மந்திர அட்டை ஒன்றைச் சிவப்பு நிறத்தால் நேரடியாக அகற்றுவது மிகமிக அரிது. பச்சை நிறத்துக்குப் பறக்கும் உயிரினங்கள் எளிதில் கிடைப்பதில்லை. இந்தக் குறைகள் இருப்பதால்தான் ஒரு நிறத்தை ஆடுபவர், தன்னிடம் இல்லாததை எப்படி ஈடுகட்டுவது என்று யோசிக்கிறார்.

2005இல் வெளிவந்த ‘ராவ்னிகா: சிட்டி ஆஃப் கில்ட்ஸ்’ தொகுப்பு இன்னும் ஒரு படி முன்னே சென்றது. இரண்டு நிறங்கள் சேர்ந்த கூட்டமைப்புகள் பத்து என்று வகுத்து, முதல் தொகுப்பில் நான்கை அறிமுகப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு கீவேர்டு, அதாவது ஒரு சிறப்பு விதியைக் குறிக்கும் சொல், கொடுத்தார்கள். இவற்றுள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால் பிரிவுக்கான இயங்குமுறை எங்கே உயிர் பெறுகிறது என்பது விளங்கும். செலஸ்னியாவின் கன்வோக், உங்கள் உயிரினங்களைச் சாய்த்து (அந்த முறைக்கு அவற்றின் வேலை முடிந்தது என்று அட்டையைப் பக்கவாட்டில் திருப்பி) மந்திரத்தின் செலவில் பங்கெடுக்க வைக்கிறது. கூடி வாழும் சமூகம் என்ற கதையும், ‘இந்த முறை இவர்களைத் தாக்க அனுப்புவதா, வேலைக்கு இழுப்பதா’ என்ற கேள்வியும் அதில் ஒன்றாகக் கலந்துவிட்டன. போரோஸின் ரேடியன்ஸோ, ஓர் உயிரினத்தைக் குறிவைத்தால் அதனோடு நிறத்தைப் பகிரும் எல்லா உயிரினங்களையும் பாதிக்கிறது. எதிராளியின் களத்திலும் அதே நிறம் இருந்தால் அவருடைய உயிரினங்களுக்கும் அந்தப் பயன் போய்ச் சேரும். ஒளி எங்கும் பரவுகிறது என்ற படிமம் அழகானது. ஆனால் அது எப்போது பயன்படும் என்பதை ஆடுபவரின் தீர்மானத்தைவிட எதிரே அமர்ந்தவர் கொண்டுவந்த டெக்கின், அதாவது அட்டைக்கட்டின், நிறமே முடிவு செய்கிறது. 2018இல் அதே உலகுக்குத் தொகுப்பு திரும்பியபோது, அந்த நான்கு கீவேர்டுகளில் கன்வோக் மட்டும் திரும்பி வந்தது.

எதிராளியின் பங்கு என்று சொன்னேன். அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே விளையாட்டின் 2016ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘கலடேஷ்’ சான்று. அங்கே எனர்ஜி என்ற தனிச் சேமிப்பு அறிமுகமானது. அட்டைகள் எனர்ஜியைத் தரும், வேறு அட்டைகள் அதைச் செலவழிக்கும். ஆடுபவருக்கு அது மிகுந்த இன்பம் தந்தது. சேர்ப்பதா, செலவழிப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் இருந்தது. ஆனால் ஒருவர் சேர்த்த எனர்ஜியைக் குறைக்க எதிராளிக்குக் கிட்டத்தட்ட வழியே இல்லை. எனர்ஜி டெக்குகள் களத்தை ஆக்கிரமித்துக்கொண்டதால், 2018 ஜனவரியில், அண்மைத் தொகுப்புகளை மட்டும் கொண்டு ஆடும் ஸ்டாண்டர்டு வடிவத்திலிருந்து ‘அட்யூன் வித் ஈத்தர்’, ‘ரோக் ரிஃபைனர்’ என்னும் இரண்டு அட்டைகளைத் தடை செய்ய நேர்ந்தது. அவற்றில் ஒன்று, நிலம் ஒன்றைத் தேடி எடுத்து இரண்டு எனர்ஜி தருகிற சாதாரண மந்திரம். பார்வைக்கு இவ்வளவு எளிய அட்டையே தடைக்குள்ளாக வேண்டியிருந்தது என்றால், சிக்கல் அட்டையைவிட அதன் அடியிலிருந்த அமைப்பில்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

‘ஹார்த்ஸ்டோன்’ விளையாட்டில் 2016 டிசம்பரில் வந்த ஜேட் கோலம் (golem) என்னும் கல் வீரர்களுக்கும் இதே குறை உண்டு. ஒவ்வொரு கோலமும் முந்தையதைவிட ஒரு படி பெரியதாக வரும். அந்த எண்ணிக்கையை எதிராளி தொடவே முடியாது. அடுத்த ஆண்டு, இருவருடைய கையிலும் டெக்கிலும் உள்ள, ஒரு மானா (அட்டையை ஆடச் செலவழிக்கும் ஆற்றல்) செலவுள்ள மந்திரங்கள் அனைத்தையும் அழிக்கும் ஓர் அட்டையை அங்கே வெளியிட்டார்கள். நோய் வந்த பிறகு தருகிற மருந்து என்றே அதை நான் பார்க்கிறேன். பிரிவின் விதியிலேயே எதிராளிக்கு ஒரு கதவு திறந்திருந்தால் இப்படிப்பட்ட தனி அட்டைக்குத் தேவை எழாது.

இனி என் விளையாட்டுக்கு வருகிறேன். நாற்பது அட்டைகள் கொண்ட டெக், தொடக்கத்தில் கையில் ஐந்து அட்டைகள், முறைக்கு ஓர் அட்டை எடுப்பது, முறைக்கு ஒன்றாகத் தானே உயரும் ஆற்றல் என்று அடிப்படை எளிமையாக இருக்கும். ஒருவர் தன் டெக்கில் இரண்டு பிரிவுகள் வரை கலந்துகொள்ளலாம். ஏற்கெனவே உள்ள நான்கு பிரிவுகளில் காட்டுக்குடி இறந்தவற்றிலிருந்து வளரும். தீக்குடி நேராக எதிராளியின் உயிரைத் தாக்கும். கடற்குடி களத்தில் உள்ளவற்றைக் கைக்குத் திருப்பி அனுப்பும். கோட்டைக்குடி வரிசை கட்டி நின்று காக்கும். நீண்ட போரில் கருவூலம் முழுவதையும் இழந்துவிட்ட மலையடி நகரம் ஒன்றின் மக்களே ஐந்தாவது பிரிவினர். அவர்களிடம் பொன் இல்லை, படை இல்லை, மிஞ்சியிருப்பது சொல் தவறாதவர்கள் என்ற பெயர் மட்டும்தான். எதையாவது ஈடாக வைத்தே எதையும் பெறுவார்கள். அவர்களுக்கு ஈட்டுக்குடி என்று பெயர் வைத்தேன்.

அவர்களுடைய கீவேர்டு அடகு. அதன் அடிப்படை வடிவம் இதுதான்: ஒரு வீரரை இறக்கும்போது உங்கள் கையிலிருந்து வேறோர் அட்டையை அவருக்கு அடியில் கவிழ்த்து வைக்கலாம், வைத்தால் அவருடைய செலவு 2 குறையும். பிறகு உங்கள் முறை ஒன்றில் 2 ஆற்றல் செலுத்தி அந்த அட்டையைக் கைக்கு மீட்டுக்கொள்ளலாம். மீட்பதற்கு முன் அந்த வீரர் அழிந்துவிட்டால் அடகு மூழ்கும். அதாவது அந்த அட்டை ஆட்டத்தை விட்டே வெளியேறிவிடும்.

‘ஈட்டுக் காவலன்’ என்னும் அட்டையை எடுத்துக்கொள்வோம். செலவு 4, தாக்கு 3, காப்பு 4. இரண்டாவது முறையில் ஓர் அட்டையை அடகு வைத்து 2 ஆற்றலுக்கே இவனை இறக்கலாம். எதிராளியின் களத்தில் அப்போது இரண்டுக்கு இரண்டு அளவிலான வீரர் ஒருவர்தான் இருப்பார். காவலன் அவரை எளிதில் அடக்கிவிடுவான். மூன்றாவது முறை வருகிறது. கையில் 3 ஆற்றல். இங்கேதான் ஈட்டுக்குடியின் கேள்வி பிறக்கிறது. 2 ஆற்றல் கொடுத்து அடகை மீட்டால் அந்த முறையில் பெரிதாக வேறெதுவும் செய்ய முடியாது; முன்கூட்டிப் பெற்ற வேகத்தை அப்படியே திருப்பிக் கொடுத்ததாகிவிடும். மீட்காமல், 5 செலவுள்ள இன்னொரு வீரரையும் அடகில் 3 ஆற்றலுக்கு இறக்கினால் களம் முழுவதும் உங்கள் பிடியில் இருக்கும். ஆனால் அதற்குள் இரண்டு வீரர்களும் இரண்டு அடகுகளுமாக நான்கு அட்டைகள் கையை விட்டுப் போயிருக்கும். எடுத்த எட்டு அட்டைகளில் நான்கே மீதம். களத்தில் இரண்டு வீரர்களை மட்டுமே இறக்கிய எதிராளியின் கையிலோ ஆறு இருக்கும். உங்கள் வீரர் ஒருவர் விழுந்தால் அட்டை ஒன்றல்ல, இரண்டாகப் போகும். கடன் வாங்கிக் கடனை வளர்ப்பவரின் நெஞ்சிடிப்பு விதியிலிருந்தே வந்துவிடுகிறது. அதற்குக் கதைக் குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

குறைப்பு ஏன் 2 என்று கேட்கலாம். செலவைக் குறைக்கும் இயங்குமுறைகள் எல்லாமே ஆபத்தானவை. மேஜிக்கில் 2014இல் வந்த ‘கான்ஸ் ஆஃப் தார்க்கிர்’ தொகுப்பில் சுல்தாய் குலத்துக்குத் தரப்பட்ட டெல்வ், கல்லறையில் (பயன்படுத்தி முடித்த அட்டைகள் சேரும் இடத்தில்) உள்ள அட்டைகளை விலக்கிச் செலவைக் குறைக்க அனுமதித்தது. எட்டு மானா செலவுள்ள ‘டிரெஷர் குரூஸ்’, பழைய தொகுப்புகளையும் அனுமதிக்கும் ஆட்ட வடிவங்களில் ஒரே ஒரு மானாவுக்கு மூன்று அட்டைகளை எடுத்துத் தந்தது. 2015 ஜனவரியில் மாடர்ன், லெகசி என்னும் அத்தகைய இரண்டு வடிவங்களிலும் அது தடை செய்யப்பட்டது. குலத்தின் கதைக்கு டெல்வ் எவ்வளவோ பொருத்தமாக இருந்தும், குறைப்புக்கு எல்லை இல்லாததும், கல்லறை தானாகவே நிரம்பிவிடுவதும் சேர்ந்து அதைக் கட்டுக்கு அடங்காததாக ஆக்கின. ஆகவே அடகில் ஒரு வீரருக்கு ஓர் அட்டைக்கு மேல் வைக்க முடியாது; செலவும் 1க்குக் கீழ் இறங்காது. குறைப்பை 3 ஆக்கிப் பார்த்தால், இரண்டாவது முறையிலேயே 5 செலவுள்ள வீரர் வந்துவிடுகிறார். அடுத்த முறையில் 3 ஆற்றலுக்கு எந்தப் பிரிவிடமும் அவரை வீழ்த்தும் அட்டை கிடையாது. 2 என்றால், 4 சேதம் தரும் மூன்றாற்றல் அட்டைகளால் காவலன் சரியாக விழுவான். எதிராளியின் விடை அடுத்த முறையிலேயே கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அந்த எண்ணை நிலைநிறுத்தினேன்.

அட்டையைக் கொடுத்து ஆற்றலைப் பெறுவது புதிய எண்ணமும் இல்லை. மேஜிக்கின் 1996ஆம் ஆண்டு ‘அலையன்சஸ்’ தொகுப்பில் வந்த ‘ஃபோர்ஸ் ஆஃப் வில்’, ஐந்து மானாவுக்குப் பதிலாக ஓர் உயிர்ப்புள்ளியும் கையிலுள்ள ஒரு நீல அட்டையும் கொடுத்து எதிராளியின் மந்திரத்தைத் தடுக்க உதவுகிறது. இன்றளவும் அது வலிமைமிக்க அட்டைகளில் ஒன்று. அங்கே கொடுத்த அட்டை போனது போனதுதான். அடகில் அது அடியிலேயே கிடக்கிறது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள். அந்த ஒரு வேறுபாட்டில்தான் இந்தப் பிரிவு நிற்கிறது என்று நம்புகிறேன்.

அடியில் இருப்பது என்ன என்று எதிராளிக்குத் தெரியாது என்பதையும் இதோடு சேர்க்க வேண்டும். டெக்கின் மிகச் சிறந்த அட்டையாக இருக்கலாம், இப்போதைக்கு உதவாத ஒன்றாகவும் இருக்கலாம். உடையவர் அடுத்த முறையே அவசரமாக மீட்கிறார் என்றால் அது ஒரு செய்தி. கண்டுகொள்ளாமல் விடுகிறார் என்றால் அதுவும் ஒரு செய்தி. இரண்டையும் பொய்யாகச் சொல்லவும் முடியும். காகிதத் துண்டுகளில் எழுதிய மாதிரி அட்டைகளைக் கொண்டு ஆடிப் பார்த்தபோது, மேசையில் பேச்சு அடங்கி யோசனை நீண்டது பெரும்பாலும் இந்தக் கவிழ்ந்த அட்டையைச் சுற்றித்தான். விளையாட்டைச் சோதிக்கும்போது யார் வென்றார் என்பதைவிட, ஆடுபவரின் கை எந்த இடத்தில் தயங்குகிறது என்பதையே நான் கூர்ந்து பார்ப்பேன்.

ஆட்டத்தின் பிற்பகுதியில்தான் இந்த விதிக்குச் சோதனை. அங்கே கையில் பயனற்ற அட்டைகள் தேங்கிவிடும். அவற்றில் ஒன்றை அடகு வைப்பதில் இழப்பு எதுவும் இல்லை. மூழ்கினாலும் கவலை இல்லை. கேள்வியாக இருந்தது வெறும் தள்ளுபடியாக மாறிவிடுகிறது. இதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. அடகு வைக்கும் அட்டையின் செலவு குறைந்தது 3 இருக்க வேண்டும் என்று விதிக்கலாம். ஆனால் கவிழ்த்து வைக்கும் அட்டைக்கு நிபந்தனை விதித்தால், அது நிறைவேறியதா என்பதை எதிராளி சரிபார்க்க வழி வேண்டும். மேஜிக்கில் 2002இல் வந்த மார்ஃப் இயங்குமுறையில் கவிழ்த்து ஆடிய உயிரினத்தை, அது களத்தை விட்டு நீங்கும்போதும் ஆட்டம் முடியும்போதும் திருப்பிக் காட்ட வேண்டும் என்று விதி வைத்தது இதற்காகவே. அந்த வழியில் போனால் மீட்கும் ஒவ்வோர் அட்டையையும் எதிராளிக்குக் காட்ட வேண்டியிருக்கும். பொய் சொல்லும் இன்பம் பாதியாகக் குறைந்துவிடும். கணினித் திரையில் ஆடும் விளையாட்டு என்றால் நிரலே சரிபார்த்துக்கொள்ளும். என் விளையாட்டு மேசையில் காகிதத்தோடு ஆடுவதற்கானது. அங்கே விதியை நேர்மையும் கண்ணும்தான் காக்கின்றன.

ஆகவே நிபந்தனையை அட்டையின்மேல் வைக்காமல் மூழ்குவதன்மேல் வைத்தேன். அடகு மூழ்கினால் எதிராளி ஓர் அட்டை எடுத்துக்கொள்வார். இப்போது அடியில் இருப்பது குப்பையே ஆனாலும் அடகு வைப்பதற்கு ஒரு விலை உண்டு. சரிபார்க்க வேண்டியது எதுவும் இல்லை. எதிராளிக்கு அந்த வீரரைத் தேடி அழிக்கக் காரணமும் கிடைத்துவிட்டது. இதற்கு ஈடாக மீட்பவருக்கும் ஒன்று கொடுத்தேன். சில வீரர்களின் அட்டையில் ‘மீட்பு’ என்று தொடங்கும் வரி இருக்கும். அடகை மீட்கும் கணத்தில் அது நிகழும். ஈட்டுக் காவலனை மீட்டால் அவன் தாக்கும் காப்பும் ஒவ்வொன்று கூடும். கடன் தீர்த்தவன் நிமிர்ந்து நிற்கிறான் என்பதற்கு அது போதும்.

கடற்குடியோடு மோதும்போது மட்டும் விதியில் ஒரு சொல்லைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வீரர் ‘களத்தை விட்டு நீங்கினால்’ என்று எழுதினால், கைக்குத் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு மலிவான அலையும் அடகை மூழ்கடித்துவிடும். ஒரு பிரிவின் சாதாரண வேலையே மற்றொரு பிரிவுக்கு மரண அடியாகிவிடும். ‘அழிந்தால்’ என்று எழுதி, வீரர் கைக்குத் திரும்பினால் அடகும் உடன் திரும்பும் என்று சேர்த்தேன். திரும்பியவரை மறுபடி இறக்கவே ஆற்றல் வேண்டும் என்பதால் கடற்குடிக்கும் அதில் குறை இல்லை.

இந்தப் பிரிவுக்கு எதைத் தரக் கூடாது என்பதை முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. அட்டை எடுக்கும் திறன் இவர்களுக்குக் கிடையாது. மீட்பு ஒன்றே இவர்கள் கையை நிரப்பும் வழி. ஒரே ஒரு அட்டை எடுக்கும் மந்திரத்தை இங்கே கொடுத்தாலும் அடகின் வலி மறைந்துவிடும். வலி மறைந்தால் கேள்வியும் மறைந்துவிடும். இறந்தவரை மீட்டெழுப்பும் திறனும் கிடையாது. அது காட்டுக்குடியின் உரிமை.

இரண்டு பிரிவுகளைக் கலக்கலாம் என்பதால், தன் தொகுப்புக்குள்ளேயே அடைந்துகொள்ளும் இயங்குமுறையாக இது ஆகிவிடக் கூடாது என்பதிலும் எனக்கு அக்கறை உண்டு. மேஜிக்கின் 2004ஆம் ஆண்டு ‘சாம்பியன்ஸ் ஆஃப் காமிகாவா’ தொகுப்பில் ஆர்க்கேன் என்ற வகை மந்திரங்களோடு மட்டுமே ஒட்டும் ஸ்ப்ளைஸ் என்ற கீவேர்டு இருந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே உள்ள அட்டைகளோடு அதற்கு உறவே இல்லை. அடகுக்கு எந்தப் பிரிவின் அட்டையும் ஈடாகும். தீக்குடியின் ஏழு ஆற்றல் மந்திரம் இரண்டாவது முறையில் கையில் பாரமாகக் கிடக்கும். அதைக் காவலனின் அடியில் வைத்து, ஏழாவது முறைக்கு முன் மீட்டுக்கொள்ளலாம். காட்டுக்குடியோடு கலந்தால் வேறொரு ஆட்டம். அங்கே வீரர் அழிவதே பயனாகிவிடுவதால், எதிராளி காவலனை வீழ்த்தத் தயங்குவார். இந்த இரண்டாவது சேர்க்கை சற்று வலுவாக இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அழிவினால் பயன்பெறும் காட்டுக்குடி அட்டைகள் இரண்டின் செலவை ஒவ்வொன்று கூட்டிப் பார்க்கப் போகிறேன்.

முதல் தொகுப்பில் ஈட்டுக்குடிக்கு முப்பது அட்டைகள். அவற்றில் அடகு உள்ளவை பத்துக்கு மேல் போகாது. எல்லா வீரருக்கும் கீவேர்டைக் கொடுத்தால் கையில் அடகு வைக்கவே அட்டை மிஞ்சாது; கவிழ்ந்த அட்டைகள் களம் முழுவதும் பரவி யாருடையது எதன் அடியில் என்ற குழப்பமும் வரும். அரிய அட்டைகளில் ஒன்றுக்கு மட்டும் விதியை மீறும் உரிமை தந்திருக்கிறேன். ‘கருவூலத் தலைவி’ களத்தில் இருக்கும்வரை, உங்கள் டெக்கின் மேலட்டையைப் பார்க்காமலேயே அடகு வைக்கலாம். வைத்தவருக்கே அடியில் இருப்பது தெரியாது. மீட்பதா விடுவதா என்று இருவரும் ஒரே இருட்டில் நின்று முடிவெடுக்க வேண்டும். அவளுடைய செலவு இப்போதைக்கு 6. ஆட்டம் முடியும் தறுவாயில்தான் அவள் வர முடிகிறது, அதற்குள் அடகு வைக்க வேண்டிய வீரர்கள் பெரும்பாலும் இறங்கிவிடுகிறார்கள். அடுத்த மாதிரி அட்டைகளில் அவளை 5க்கு இறக்கி, காப்பை ஒன்று குறைத்து, கோட்டைக்குடிக்கு எதிராக ஆட வைத்துப் பார்க்க வேண்டும்.